கொம்புல படம் கேக்கறாங்க, மூடியப் பத்தி யாரும் கேக்கறதில்ல

தெற்காப்பிரிக்கால பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல எங்க பக்கத்து வீட்டு அங்கிள், பழைய காலத்து துப்பாக்கிக்கான மருந்த ரொப்பி வைக்கிற மாட்டுக் கொம்பு செய்றாரு, அதுக்கு வர்ற ஆர்டர் மெசேஜுக்கெல்லாம் பதில் போடறது நான்தான். அவருக்கு போன்ல எழுத்து ரொம்ப சின்னதா இருக்குன்னு கடுப்பு. கேக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஆப்பிரிக்கான்ஸ் பேசற வெள்ளைக்காரங்க, அவங்க முன்னோர் போட்ட ஒரு சண்டையோட நினைவு நாளான டிசம்பர் 16 நெருங்க நெருங்க மெசேஜ் கூடும். கொம்புல மாட்டு வண்டி படம் செதுக்கித் தருவீங்களா, தாத்தா பேரு போட முடியுமா, கறுப்புக் கொம்பா வெள்ளைக் கொம்பா, தோல் வார் எவ்ளோ நீளம், இப்படித்தான் கேள்வி வரும். மூடி எவ்ளோ இறுக்கமா நிக்கும், கொம்போட அகலமான பக்கத்த அடைக்கிற அடிக்கட்டைய எப்படி சேத்திருக்கீங்கன்னு கேட்ட ஆளு ரொம்பக் கம்மி. எனக்கு அதுதான் புரியவே மாட்டேங்குது, ஷோகேஸ்ல வைக்கிற பொருளா இருந்தா சரி, இவங்க இதுக்குள்ள கருமருந்த ரொப்பி இடுப்புல தொங்கவிட்டுட்டு கையில நெருப்பு கக்கற பிளின்ட்லாக் துப்பாக்கியோட நிக்கப் போறாங்க.

தெரியாதவங்களுக்கு: பிளின்ட்லாக்னா தோட்டா கண்டுபிடிக்கறதுக்கு முந்தின காலத்து துப்பாக்கி. குழாய் வாய் வழியா மருந்து, அப்பறம் ஈயக் குண்டு, ராம்ராட்ங்கற நீளக் குச்சி வெச்சு தள்ளணும். பக்கத்துல ஒரு சின்ன கிண்ணி இருக்கும், அதுல கொஞ்சம் பொடி மருந்து. விசைய இழுத்தா சிக்கிமுக்கிக் கல்லு ஃபிரிஸன்னு சொல்ற எஃகுத் தகட்டுல உரசி பொறி விழும் (பொறி கல்லுலேருந்து வர்றதில்ல, கல்லு சீவி எடுக்கற எஃகுத் துணுக்குதான் எரிஞ்சுகிட்டே விழுது), கிண்ணில இருக்கற மருந்து பத்திக்கும், அந்த ஜுவாலை பக்கத்து ஓட்டை வழியா குழாய்க்குள்ள போயி பெரிய மருந்த பத்த வைக்கும். நம்ம ஊர்ல நரிக்குறவங்க வெச்சிருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு இது பெரியப்பா மாதிரி முறைன்னு வெச்சுக்கோங்க. இங்க தெற்காப்பிரிக்கால வூர்ட்ரெக்கர்காரங்க (1830கள்ல கேப் பக்கத்துலேருந்து மாட்டு வண்டில உள்நாட்டுக்கு வந்த டச்சு வம்சத்து வெள்ளைக்காரங்க) இத ‘சன்னா’ன்னு கூப்பிடுவாங்க, 1838 டிசம்பர் 16ல ன்கோமே ஆத்தங்கரைல ஜூலு படையோட நடந்த சண்டைல அவங்க கையில இருந்ததும் இப்படி வாய்வழியா அடைக்கிற துப்பாக்கிங்கதான். அதோட ஞாபகமா 1841ல கட்டின சர்ச்சு இன்னிக்கும் எங்க டவுன்ல மியூசியத்தோட சேந்து நிக்குது. அந்த சண்டையப் பத்தி எந்தப் பக்கம் நின்னு பேசறதுங்கறது வேற கதை, அதுக்குள்ள நான் போகல.

சட்டத்தையும் சொல்லிடறேன். இங்க வாய்வழி அடைக்கிற துப்பாக்கி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா லைசென்ஸு வேணாம், ஆனா 2000வது வருஷத்து ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட்படி வெச்சிருக்கற ஆளுக்கு காம்பிடென்சி சர்டிபிகேட், அதாவது தகுதிச் சான்று, கட்டாயம். அங்கிள்கிட்ட இருக்கு. என்கிட்ட இல்ல, நான் சுடறதும் இல்ல, சனிக்கிழமைன்னா தோல் தைக்கிறது மட்டும்தான் என் வேலை.

அங்கிள் வேலை பாத்தது இங்க ஒரு ஷூ ஃபேக்டரில. ஒரு காலத்துல இந்த டவுன்ல நம்மாளுங்க நிறையப் பேருக்கு சோறு போட்டதே ஷூ ஃபேக்டரிங்கதான். அதனால தோலும் கத்தியும் அவர் கைக்கு பழக்கம். நான் சாத்தூர்க்காரன், எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பட்டாசு ஆபீஸ்ல மருந்து செலுத்தற வேலைக்குப் போனவங்க. மருந்து சமாச்சாரத்துல நாங்க ரெண்டு பேரும் எப்படி ஒட்டிக்கிட்டோம்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

ஒருநாள் வீடியோ கால்ல அம்மாவுக்கு அங்கிளோட மேஜையக் காமிச்சேன். அரம், ரம்பம், டிரில் எல்லாம் கிடந்துச்சு. கொம்பு அழகா இருக்கான்னு கேட்டா, அம்மா அதப் பாக்கவே இல்ல, “ஏண்டா, மருந்து வைக்கிற எடத்துல இவ்ளோ இரும்பு கெடக்கு?”ன்னாங்க. அங்கிள் உடனே போன வாங்கி, “தங்கச்சி, இது காலிக் கொம்பு, மருந்து இந்த ரூம்புக்கு வராது”ன்னு சொன்னாரு. அப்பறம் ரெண்டு பேரும் பேசினாங்க பேசினாங்க அவ்ளோ நேரம், ஷெட்டுக்குள்ள செருப்பு போடக்கூடாது, நைலக்ஸ் சேலை கட்டக்கூடாது காட்டன்தான், உள்ள போறதுக்கு முன்னாடி செப்புத் தகட்ட தொட்டுட்டுத்தான் போகணும், கீழ சிந்தினா அப்பவே தண்ணியப் போட்டு தொடைக்கணும்னு அம்மா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அங்கிள் தலையாட்டிகிட்டே இருந்தாரு. எங்க ஊர்ல விபத்துன்னா பேப்பர் பாத்து தெரிஞ்சுக்க வேண்டியதில்ல, சத்தம் கேட்டாலே தெருவே வெளிய வந்துரும். அந்த பயம் அம்மாவுக்கு இன்னும் போகல. போகவும் கூடாது.

மருந்து ஒண்ணும் புதுசு இல்ல. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பிரிட்டிஷ்காரன் மருந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் நம்ம பீகார், வங்காளம் பக்கத்துலேருந்துதான் கம்பெனி கப்பல்ல போச்சு. இந்த மருந்துக்கு ஒரு குணம் இருக்கு, எரிஞ்சா பாதிக்குத்தான் வாயு, மீதி பாதிக்கு மேல புகையாவும் கசடாவும் நிக்கும். அந்தக் கசடு குழாய் அடில ஒட்டிகிட்டு கிடக்கும். அதுல ஒரு துணுக்கு கனிஞ்சுகிட்டே கிடந்தா? இனிமே நான் சொல்றதெல்லாம் இந்த ஒரு கேள்வியச் சுத்தித்தான்.

சினிமால பாத்திருப்பீங்க, கொம்ப எடுத்து பல்லால மூடியப் புடுங்கி நேரா துப்பாக்கி வாய்க்குள்ள கொட்டுவான். பாக்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பவுண்டு மருந்துக்கு 7000 கிரெயின். அரை பவுண்டு புடிக்கிற கொம்புல 3500. ஒரு தடவை சுட 70 கிரெயின்னு வெச்சா (கிராம்ல சொன்னா நாலரை), அந்தக் கொம்புக்குள்ள 50 தடவைக்கான மருந்து இருக்கு. போன தடவை சுட்ட கசடுல கங்கு மிச்சம் இருந்து, நீங்க கொம்ப நேரா கவுத்துனீங்கன்னா, பத்திகிட்டு வர்ற ஜுவாலை அந்த மருந்து ஒழுக்கு வழியாவே கொம்புக்குள்ள ஏறும். அந்த 50 தடவை மருந்தும் உங்க முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, உங்க கையில இருக்கு. அளவுக் குப்பில ஊத்தி, கொம்ப மூடி, பின்னாடி தள்ளிட்டு, அப்பறம் குப்பிய வாய்ல கவுத்தா பத்திகிட்டாலும் போறது அந்த நாலரை கிராம்தான். கை சுடும், கண்ணாடி போடலன்னா கண்ணு போகும், ஆனா ஆளு வீட்டுக்கு வருவான்.

அதனால அங்கிள் கொம்பு தனியா விக்க மாட்டாரு. கூடவே அளவுக் குப்பி வாங்கியாகணும். கொம்போட நுனில அறுத்து மிஞ்சற துண்டுலயே அந்தக் குப்பிய செய்வாரு, உள்ள கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு, வாங்கறவரோட மருந்தையே கொண்டு வரச் சொல்லி, வெளிய புல்தரைல தராசு வெச்சு நிறுத்துப் பாத்து, இன்னும் ஒரு சுத்து குடையணுமா வேணாமான்னு முடிவு பண்ணி, முடிஞ்சதும் அளவ மேலயே பொறிச்சுடுவாரு. திருகி அளவு மாத்தற பித்தளைக் குப்பி கடைல கிடைக்குது, அவருக்கு அது புடிக்காது, திருகு நகந்தா யாருக்குத் தெரியும்ங்கறாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. வாய்வழி அடைக்கிற துப்பாக்கிக்கு உலக அளவுல போட்டி நடத்தற எம்எல்ஏஐசிங்கற சங்கத்தோட விதில இன்னும் ஒரு படி மேல, சுடற எடத்துக்கு கொம்பே வரக்கூடாது, ஒவ்வொரு சுடுக்கும் அளந்த மருந்து தனித்தனி சின்னக் குழாய்ல இருக்கணும். அதுக்காக மூங்கில் கணுவ அறுத்து மூடி போட்டு மரக்கட்டைல வரிசையா நிக்கிற மாதிரி ஒண்ணு செய்ய ஆரம்பிச்சிருக்காரு. பாக்க கொம்பு அளவுக்கு பகட்டு இல்ல, அதனால போகவும் மாட்டேங்குது.

கொம்பு வேலையே ஒரு தனி கூத்து. கறிக்கடைலேருந்து வர்ற கொம்புக்குள்ள எலும்பு இருக்கும், ஊற வெச்சோ வேக வெச்சோ அதக் கழட்டணும். அந்த நாத்தம்! ஆன்ட்டி டிரம்ம கொல்லைப்புறம் கடைசி மூலைக்கு தள்ளி விட்டுட்டாங்க. புரட்டாசி மாசம் முழுக்க கொம்பு வேலை கிடையாது, இங்க நம்மாளுங்க புரட்டாசிய எவ்ளோ சுத்தமா பிடிப்பாங்கன்னு ஊர்லேருந்து வந்த எனக்கே ஆச்சரியம். அப்ப மரமும் பித்தளையும் தோலும் மட்டும்தான். “தோலும் மாட்டுதுதானே அங்கிள்”னு கேட்டேன், “அது கடைல வாங்கினது”ன்னுட்டாரு.

எலும்பு போனதும் உள்ள ஒரு கம்பிய விட்டு குழி எங்க முடியுதுன்னு பாத்து வெளிய கோடு போடுவாரு. நுனிலேருந்து டிரில் போட்டு அந்தக் குழியோட சேக்கணும், கோணலாப் போனா பக்கவாட்டுல வெளிய வந்துரும், கொம்பே வீண். அகலமான பக்கம் வட்டமா இருக்காது, முட்டை வடிவம்தான். கொதிக்கிற தண்ணில முக்கினா கொம்பு இளகும், இளகினதும் கூம்பு மாதிரி கடைஞ்ச கட்டைய உள்ள இறுக்கி ஆற விட்டா வட்டமா நிக்கும். அப்பறம் நிரந்தரக் கட்டை, சுத்தியும் மரக் குச்சி ஆணி, இடுக்கெல்லாம் தேன்மெழுகு. இரும்பு ஆணி கிடையாது. முடிச்சதும் நுனில வாய வெச்சு ஊதுவாரு, அடிப்பக்கத்த தன் கன்னத்துகிட்ட வைக்க முடியாதுல்ல, அதனால நான்தான் கன்னத்த வெச்சு காத்து வருதான்னு பாக்கணும். காத்து போற எடத்துல மருந்துத் தூசியும் போகும், சட்டை மேல, பை மேல, உக்காந்திருக்கற பெஞ்சு மேல.

வெளிப்பக்கத்த உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டிகிட்டே வந்தா ஒரு கட்டத்துல தேன் நிறத்துல வெளிச்சம் ஊடுருவும். வெயில்ல புடிச்சா உள்ள மருந்து எவ்ளோ இருக்குன்னு தெறக்காமலே தெரியும். கறுப்புக் கொம்புல இது நடக்காது, நான் அதனாலயே எல்லாருக்கும் வெள்ளைக் கொம்பு வாங்கச் சொல்லித்தான் பதில் போடுவேன். ரொம்பவும் சுரண்டக்கூடாது, மெலிஞ்சா விரிசல் விடும்.

மூடிக்கு வர்றேன். அமெரிக்கால கொம்பு செய்றவங்க பழைய வயலின் முறுக்காணிய மூடியா போடுவாங்க, லேசா சரிவா இருக்கறதால அழுத்தி திருகினா கவ்விக்கும். அங்கிள் இத எங்கயோ படத்துல பாத்துட்டு, தமிழ் ஸ்கூல்ல பரண்ல உடைஞ்சு கிடந்த ஒரு வீணைய கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. அதோட பிருடை (தந்திய முறுக்கற ஆணி) எல்லாம் இப்ப யார் யார் இடுப்புலயோ தொங்குது! பிருடைய கொம்பு வாய்க்கு ஏத்த மாதிரி இழைச்சு, கொஞ்சம் மெழுகு தடவி, கொம்ப தலைகீழா புடிச்சு உதறினாலும் விழாத அளவுக்கு வைக்கணும், ஆனா ரெண்டு விரலால திருகினா வந்துடணும், பல்லு தேவைப்படக்கூடாது. கழுத்துல ஒரு தோல் கயிறு போட்டு கொம்போட கட்டிடுவேன். கட்டாத மூடி புல்லுல விழுந்துதுன்னா, மனுஷன் தேடற நேரம் பூரா கொம்பு வாய தெறந்துகிட்டு நிக்கும், பக்கத்து ஆளு சுட்டுகிட்டு இருப்பான்.

மத்த சின்ன சாமானுங்கள்ல எனக்கு ரொம்பப் புடிச்சது ஃபிரிஸன் உறை. துளியூண்டு தோல் தொப்பி, அவ்ளோதான். மருந்து அடைக்கிறப்ப எஃகுத் தகட்டு மேல போட்டுட்டா, தப்பித் தவறி கல்லு விழுந்தாலும் தோல்ல அடிக்கும், பொறி வராது. கல்லு மாட்டின சுத்திய பாதி இழுத்து நிறுத்தி வைக்கிற பல்லு பழைய துப்பாக்கில தேஞ்சிருக்கும், அத நம்பி ராம்ராட் மேல கைய வெச்சுகிட்டு நிக்கறதுக்கு இந்தத் தொப்பி ஆயிரம் மடங்கு மேல். இத நான்தான் தைக்கிறேன், ஷூ நாக்குக்கு வெட்டற மெல்லிசுத் தோலு, ரெண்டு பக்கம் மெழுகு நூல் தையல், ஒரு கயிறு. கயிற சிவப்புல போடறேன், உறை போட்டிருக்குன்னு தூரத்துலேருந்து பாத்தாலே தெரியணும். விலை கொம்புல பத்துல ஒரு பங்கு கூட வராது. இத வேணாம்னு சொல்ற ஆளுகிட்ட அங்கிள் இலவசமா குடுத்துடுவாரு, வாங்காம போக விட மாட்டாரு.

அப்பறம் கிண்ணிக்குப் பக்கத்து ஓட்டையக் குத்தி சுத்தம் பண்ற ஊசியும் கிண்ணி தொடைக்கிற பிரஷும். ஊசி பித்தளைக் கம்பி. எஃகு ஊசி போட்டா ஓட்டைய தேச்சுத் தேச்சு பெரிசாக்கிடும், ஓட்டை பெரிசானா நெருப்பு வெளிய பீச்சறதும் கூடும். அந்தப் பீச்சல் வலது பக்கம் நிக்கறவன் காதுக்கு நேரா வரும், அதனாலதான் வரிசையா நின்னு சுடற எடத்துல கிண்ணிக்குப் பக்கத்துல பித்தளைத் தகடு ஒண்ணு மறைப்பா போடணும்ங்கறாங்க. ராம்ராட்ல ரெண்டு கோடு போட்டுக் குடுப்பாரு, ஒண்ணு காலிக் குழாய்க்கு, இன்னொண்ணு மருந்தும் குண்டும் உள்ள இருக்கறப்ப. பேச்சு சுவாரசியத்துல ரெண்டாவது தடவை மருந்து போடறவங்கள காப்பாத்தறது அந்தக் கோடுதான். குண்டு மருந்தத் தொடாம நடுவுல நின்னுட்டாலும் அதே கோடு காட்டிக் குடுத்துடும், நடுவுல காத்து இருந்தா குழாய் உப்பிக்கும். இழுத்தும் வெடிக்கலன்னா துப்பாக்கி வாய இலக்குப் பக்கமே வெச்சுகிட்டு ஒரு நிமிஷமாவது அசையாம நிக்கணும், எட்டிப் பாக்கப்படாது. இன்னொண்ணு, இப்பத்திய தோட்டால இருக்கற புகையில்லா மருந்த இதுல ஒரு சிட்டிகை கூட போடக்கூடாது, குழாய் பொளந்துக்கும். கொம்புல எது இருக்குன்னு மேல எழுதி ஒட்டாத ஆளு கொம்ப நான் தொடவே மாட்டேன்.

போன சீசன்ல ஒருத்தர் பக்கில (பிக்கப் வண்டிய இங்க அப்படித்தான் சொல்வாங்க) வந்து எறங்கினாரு, கையில தாத்தா காலத்துக் கொம்பு, அடிக்கட்டை ஆடுது, ரெண்டு ஆணி புதுசா போட்டுக் குடுங்கன்னாரு. காலிதான்னாரு. அங்கிள் வாங்கி ஒரு வெள்ளைப் பேப்பர் மேல கவுத்து தட்டினாரு, ஒண்ணும் விழல. அப்பறம் அடிக்கட்டை இடுக்குல ஒரு மரக்குச்சிய விட்டு நெம்பி மறுபடி தட்டினாரு, கறுப்பா ஏழெட்டு மணி பேப்பர்ல உருண்டுச்சு. இதுல டிரில் போட்டு, சூடு ஏறி? அங்கிள் பேசவே இல்ல, கொல்லைக் குழாய்க்கு கொண்டுபோயி தண்ணிய உள்ள ரொப்பிட்டாரு. வெடியுப்பு தண்ணில கரைஞ்சுடும், அப்பறம் அது வெறும் கரிச் சேறு. வந்தவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு, பழமை போச்சு, நிறம் போச்சு, மியூசியம் பீஸுன்னு கத்தினாரு. “மியூசியம்னா அங்கயே குடுங்க, இங்க வந்தா தண்ணிதான்”னு அங்கிள் சொன்னது மட்டும் எனக்கு தெளிவா கேட்டுச்சு.

அதே கொம்புல இன்னொரு கூத்தும் இருந்துச்சு, பொடிப் பொடியா ஓட்டை. கொம்ப தின்னற அந்துப்பூச்சியே ஆப்பிரிக்கால இருக்கு, காட்டுல செத்துப்போன மானு, எருமைக் கொம்புலேருந்து விரல் விரலா மண்ணுக் குழாய் நீட்டிகிட்டு நிக்கும், உள்ள புழு. வீட்டுக்குள்ள கம்பளிய அரிக்கற வண்டுப் புழுவும் கொம்ப விடாது. அதனால சும்மா தொங்கவிட்டு வெக்கற கொம்ப அப்பப்ப வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கணும், ஊசி முனை அளவு ஒளி வந்தா மெழுகு வெச்சு அடைச்சு அதுக்கப்பறம் மருந்து போடலாம். மருந்தோட கொம்ப வீட்டுல மாட்டி வைக்கறவங்களும் இருக்காங்க, பக்கி டேஷ்போர்டு மேல வெயில்ல போட்டுட்டு ப்ராய்னு சொல்ற கறி சுடற நெருப்புகிட்ட போய் நிக்கறவங்களும் இருக்காங்க. அன்னிக்கு சுட்டு முடிச்சதும் மிச்ச மருந்த அதோட சொந்த டின்லயே திருப்பி ஊத்திடணும், கொம்பு காலியா வீட்டுக்குப் போகணும். சிக்கிமுக்கிக் கல்லையும் மருந்தையும் ஒரே பைல போடற ஆளுங்களுக்கு என்னத்த சொல்றது.

துப்பாக்கியையும் அன்னிக்கே சுடுதண்ணில சோப்பு போட்டு கழுவிடுங்க, கசடு ஈரத்த இழுக்கும், டர்பன் பக்கத்துக் கடல்காத்துல ஒரே ராத்திரில துரு புடிச்சுடும்.

ஆர்டர் போடறவங்களுக்கு: புரட்டாசி முடிஞ்சுதான் கொம்பு அறுப்பாரு, டிசம்பர் 16க்கு வேணும்னா இப்பவே சொல்லி வைங்க. வண்டி படம், சிங்கம் படம் எது வேணாலும் செதுக்கலாம், அதுக்குத் தனிக் காசு, ஆனா அளவுக் குப்பியும் ஃபிரிஸன் உறையும் இல்லாம கொம்பு வெளிய போகாது, அதுல பேரம் கிடையாது. பழைய கொம்புக்கு மூடி மட்டும் மாத்தணும்னா நீங்களே தண்ணி ஊத்திக் கழுவி காயவெச்சு கொண்டு வந்துடுங்க, இல்லன்னா நாங்க ஊத்துவோம், அப்பறம் நிறம் போச்சுன்னு என் வாட்ஸப்புக்கு வந்து திட்டக்கூடாது.